பிள்ளைகளின் மனத்துயரம் ஊராரின் பொறுப்பு

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டும் சேர்த்தோ விதிக்க இடமளித்துவந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நீக்குவதென்று 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மலேசிய மக்களவை முடிவு செய்தபோது, வெள்ளையர் ஆட்சிக் காலந்தொட்டு நம் சட்டப் புத்தகத்தில் தங்கியிருந்த ஒரு கொடுமை நீங்க வழி பிறந்தது. துன்பம் தாளாமல் சாவின் வாசல்வரை சென்று திரும்பிய ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரிப்பது எந்தத் தர்மத்துக்கும் ஒவ்வாது என்பதை நாடாளுமன்ற உறுப்பினர்கள் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தார்கள். எனினும், சட்டத்தின் ஏட்டிலிருந்து அகன்ற அச்சம் வீட்டின் கூடத்திலிருந்தும் பள்ளியின் வகுப்பறையிலிருந்தும் கோயில் மண்டபத்திலிருந்தும் தானாக அகன்றுவிடுவதில்லை. அதை அகற்றும் காரியத்தைச் சிரம்பானிலும் அதைச் சூழ்ந்த பழைய தோட்டப்புறங்களிலும் வாழும் நாமே மேற்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் இங்கே வற்புறுத்த விரும்பும் செய்தி.

நிலைமையின் கடுமையை முதலில் நேருக்கு நேர் பார்த்துவிடுவோம். சுகாதார அமைச்சு 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்திய தேசிய ஆய்வில், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நூற்றுக்குப் பதின்மூன்று பேர் தற்கொலையைப் பற்றிச் சிந்தித்ததாகக் கூறினார்கள். ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முயன்றதாகவே ஒப்புக்கொண்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர், 2017இல், சிந்தித்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர், முயன்றவர்கள் ஏழு பேருக்குச் சற்றுக் குறைவு என்பதோடு ஒப்பிட்டால், போக்கு எந்தத் திசையில் இருக்கிறதென்பது விளங்கும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறையை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். இந்தக் கணக்கின்படி அவர்களுள் நான்கு பிள்ளைகள், வெளியே யாருக்கும் தெரியாமல், அந்த எல்லையைத் தொட்டு வந்தவர்கள்.

இதில் நம் சமூகத்துக்கு உரிய பங்கு இன்னும் வேதனையானது. தேசியத் தற்கொலைப் பதிவேடு 2009ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில் பதிவான மரணங்களுள் ஐந்தில் ஒன்று இந்தியர்களுடையது. நாட்டின் மக்கள்தொகையில் நம் எண்ணிக்கையோ அப்போது நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்தான். இதைக் கேட்டவுடன், 'தோட்டத்தில் இருந்தவரை எல்லாரும் ஒற்றுமையாக இருந்தோம், பட்டணத்துக்கு வந்தபிறகே கெட்டோம்' என்று சொல்லிப் பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. அந்தப் பெருமூச்சில் ஒரு பாதி உண்மை இருக்கிறது; மறுபாதி நம்மை ஏமாற்றுகிறது. பால்மரக் காட்டிலும் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்திலும் கழிந்த அந்த வாழ்வில் கடனும் கள்ளுக்கடையும் அடிதடியும் இருந்தன; களைக்கொல்லி மருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது; தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் ஒரு குடும்பமாவது இப்படிப்பட்ட சாவைச் சுமந்துகொண்டு, அதைப் பற்றி வாய்திறவாமல் வாழ்ந்தது. அண்டை வீட்டார் ஓடிவந்தார்கள் என்பது மெய். அதே அண்டை வீட்டாரின் ஏச்சுக்கும் பேச்சுக்கும் அஞ்சிப் பலர் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதும் மெய்.

ஆயினும், லயத்து வாழ்வில் இருந்த ஒரு காவல் இன்று இல்லை என்பதை மறுக்க இயலாது. சுவருக்கு அப்பால் எழும் அழுகையை இந்தப் பக்கத்தில் கேட்க முடிந்தது. காலையில் பிரட்டுக்கு வராதவனைத் தேடி மண்டோர் ஆளனுப்பினார். ஆயாக்கொட்டகையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட கிழவிக்கு எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பது தெரிந்திருந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தபின், ரந்தாவ், லாபு, சிலியாவ், பாத்தாங் பெனார் வட்டாரங்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் செனவாங், நீலாய், சிரம்பான் ஆகிய இடங்களின் அடுக்குமாடிகளிலும் மலிவுவிலை வீடுகளிலும் சிதறிக் குடியேறின. தாயும் தகப்பனும் தொழிற்சாலையில் மாறிமாறி ஷிப்டு வேலைக்குப் போக, பதின்மூன்று வயதுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியோடு தனித்திருக்கும் மாலைப்பொழுதுகள் நம் காலத்தின் வழக்கமாகிவிட்டன. பழைய லயத்தை நாம் மீண்டும் கட்டப்போவதில்லை, கட்டவும் வேண்டாம். அது தற்செயலாகத் தந்த கண்காணிப்பை, அதன் ஏச்சையும் பேச்சையும் விலக்கிவிட்டு, அறிந்து திட்டமிட்டு அமைத்துக்கொள்வதே நாம் செய்யவேண்டுவது.

இந்தப் பிள்ளைகளின் வாழ்வில் மிக நொய்ந்த இடம் எதுவென்று கேட்டால், தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டுக்கும் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்கும் நடுவிலுள்ள கடவைச் சுட்டிக்காட்டுவேன். நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல இன்றும் தம் பெயரில் பழைய தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பவை, அவற்றுள் பல 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறு பள்ளிகள். அங்கே ஒவ்வொரு பிள்ளையையும் எல்லா ஆசிரியர்களுக்கும் பெயர் சொல்லித் தெரியும். அதன் அக்காளும் மாமனும் அதே பள்ளியில் படித்தவர்களாக இருப்பார்கள். அங்கிருந்து அந்தப் பிள்ளை ஆயிரம் பேர் படிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறது. பயிற்றுமொழி மாறுகிறது, மலாய்மொழியில் தேறாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது, கூடப் படித்தவர்கள் வேறு வகுப்புகளுக்குப் பிரிந்துபோகிறார்கள். நேற்றுவரை ஆண்டுவிழா மேடையில் திருக்குறள் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய சிறுவன், கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் அதைச் சொல்ல மொழி வராமல் தலைகுனிந்து நிற்கிறான். மூன்று மாதத்தில் 'பேசாத பையன்' என்றும், ஆறு மாதத்தில் 'பிரச்சினைப் பையன்' என்றும் அவனுக்குப் பெயர் விழுந்துவிடுகிறது. கட்டொழுங்கு ஆசிரியருக்கு அறிமுகமாகும் அவனை ஆலோசக ஆசிரியர் அறியாமலே ஆண்டு கழிகிறது.

அடையாளங்கள் அப்போதே வெளிப்படுகின்றன. திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வரும். மாலையில் திடலுக்குப் பந்து விளையாடப் போவது நின்றுபோகும். இரவில் தூக்கம் கெடும், இல்லையேல் பகலெல்லாம் படுக்கையே கதியாகும். ஆசையாக வைத்திருந்த சைக்கிளை ஒருநாள், 'நீயே வச்சுக்கடா' என்று தம்பியிடம் கொடுத்துவிடுவான். வீட்டார் இவற்றைக் காண்பதில்லை என்று சொல்லமாட்டேன். காண்கிறார்கள், ஆனால் வேறு பெயரிட்டுக் காண்கிறார்கள். 'இந்த வயசுல உனக்கு என்ன கவலை?' என்கிறார் தகப்பனார். 'திமிரு, வேறென்ன' என்கிறார் சித்தப்பா. 'காத்துக் கருப்பு பட்டிருக்கும், கோயில்ல ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டுங்க' என்கிறாள் பாட்டி. மருத்துவரிடம் போகலாமென்று எவரேனும் சொன்னால், 'என் பிள்ளை என்ன தஞ்சோங் ரம்புத்தானுக்கா போகணும்?' என்ற கேள்வி எழுகிறது. 1911இல் பேராவில் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வசைச்சொல்லாகப் பயன்படுத்திய நாம், சிகிச்சைக்குப் போகும் பாதையை நம் பிள்ளைகளுக்கு நாமே அடைத்துவைத்திருக்கிறோம். இன்று அரசாங்கச் சுகாதார நிலையத்திலேயே மனநலப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவதுபோல் அங்கே போய்வரலாம் என்ற எண்ணம் நம்மிடையே பிறந்தாக வேண்டும்.

பள்ளியால் இதைத் தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குத் திடமான சான்று இருக்கிறது. ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 168 பள்ளிகளைச் சேர்ந்த பதினோராயிரம் மாணவர்களிடையே நடத்தப்பெற்று 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில் மூன்று வழிகள் சோதிக்கப்பட்டன: ஆசிரியர்களுக்கு அபாய அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி அளிப்பது ஒன்று, மாணவர்களைச் சோதித்து நிபுணர்களிடம் அனுப்புவது மற்றொன்று, மாணவர்களே தம் வயதுக்குரிய துன்பங்களை நடித்துக்காட்டி, அவற்றைப் பற்றித் தமக்குள் விவாதித்து, உதவி கேட்கப் பழகுவது மூன்றாவது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மூன்றாம் வழியைக் கையாண்ட பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. மற்ற இரண்டிலும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. மூன்றாம் வழிக்கான பயிற்சி எடுத்துக்கொண்ட நேரமோ நான்கு வாரங்களில் ஐந்து மணி. பிள்ளைகளைப் பார்வையாளர்களாக உட்காரவைத்துச் செய்யும் உபதேசத்தைவிட, அவர்களையே பங்காளிகளாக்கும் முயற்சிக்குப் பலம் அதிகம் என்பதே இதிலிருந்து நான் கற்கும் பாடம். நம் இடைநிலைப்பள்ளிகளில் சக மாணவர்க்கு வழிகாட்டும் மாணவர் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. திருவிழா மேடையில் நாடகம் போட்டு வளர்ந்த சமூகம் நம்முடையது. புகுமுக வகுப்பிலும் முதலாம் படிவத்திலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த ஐந்து மணிநேரத்தைத் தமிழில் கொடுப்பதற்குத் தடை ஏது?

மற்றொரு சான்று நம் மொழி வழங்கும் மண்ணிலிருந்தே கிடைக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரிடம் ஒரு பரிசோதனை நடத்தி, அதன் முடிவை 2008இல் வெளியிட்டது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மறுசாராருக்கு அத்துடன் ஒரு மணிநேரம் உட்கார்ந்து பேசி, பின்னர் பதினெட்டு மாத காலத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ அவர்களைத் தேடிச்சென்று நலம் விசாரித்தார்கள். பதினெட்டாம் மாதத்தில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள்; தேடிச்சென்று விசாரிக்கப்பட்டவர்களுள் 0.2 பேர். இங்கே உயிர்களைக் காத்தவை விலையுயர்ந்த மருந்துகளோ அரிய கருவிகளோ அல்ல, 'எப்படி இருக்கிறாய்?' என்று மறவாமல் கேட்ட மனிதக் குரல்களே அவை.

சென்னையில் இந்தப் பணியில் முன்நின்ற மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தோற்றுவித்த 'சிநேகா' அமைப்பு, அரசாங்கத்தை வற்புறுத்தி வேறொரு மாற்றத்துக்கும் துணைநின்றது. பொதுத்தேர்வில் தவறிய மாணவர்கள் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்ததற்கு அந்த வற்புறுத்தலும் ஒரு காரணம். அவர்களே காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சிற்றூர்களில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் பூட்டிவைத்து, தேவைப்படும்போது எடுத்துச்செல்லும் முறையையும் சோதித்துப் பார்த்தார்கள். தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஒரு வேகத்தில் எழுந்து தணிவது. அந்த வேகத்தில் கொடிய நஞ்சு கைக்கு எட்டவில்லையானால் உயிர் தங்கும். அப்படித் தங்கிய உயிர்களுள் மிகப் பெரும்பான்மையானவை பின்னரும் அவ்வழியில் மாய்வதில்லை. இலங்கை 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும், அங்கு லட்சத்துக்கு 47 என்று இருந்த தற்கொலை விகிதம் இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் உலகம் அறிந்த செய்தி. நம் நாட்டிலும், தோட்டப் பெண்கள் முதுகில் சுமந்து தெளித்த களைக்கொல்லிகளுள் மிகக் கொடியதொன்று 2020 ஜனவரி முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டிருக்கிறது. எஞ்சியுள்ள மருந்துகளைப் பூட்டிவைப்பதும், தளர்ந்திருப்பவரின் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்வதும் குடும்பத்தாரின் கடமை.

இவற்றையெல்லாம் செய்ய நமக்குச் சக்தி இருக்கிறதா என்று ஐயுறுபவர்கள் நம் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கட்டும். நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்த பி. பி. நாராயணன் போன்றோரின் முயற்சியால், சிதறிக் கிடந்த சங்கங்கள் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுபட்டன. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட துண்டாடலில் வீடும் வேலையும் பறிபோய் மக்கள் தெருவில் நின்றபோது, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, பால்வெட்டும் ஏழைகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். பிள்ளைகள் தேர்வில் பின்தங்கியபோது, 1982இல் தோன்றிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடெங்கும் வகுப்புகள் நடத்தி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கூலிக்காகவும், நிலத்துக்காகவும், மதிப்பெண்ணுக்காகவும் ஊர் ஊராகக் கூடி உழைக்கத் தெரிந்த ஒரு சமூகம், தன் பிள்ளைகளின் மனநலத்துக்காகக் கூடத் தெரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே நான் முன்வைக்கும் யோசனைகள் எளியவை. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும், தன்னிடமிருந்து முதலாம் படிவத்துக்கும் புகுமுக வகுப்புக்கும் சென்ற பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, முதல் ஆண்டு முழுவதும் அவர்களைத் தொடர்ந்து விசாரிக்கட்டும். ஆறாம் ஆண்டில் கற்பித்த ஆசிரியை மூன்றாம் மாதத்தில் ஒரு மாலைநேரம் அவர்களைப் பழைய பள்ளிக்கு அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசினால், 'ஒன்னுமில்ல டீச்சர்' என்று தொடங்கும் பிள்ளைகளுள் சிலர் போகும்போது வேறு கதை சொல்வார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தம் ஆண்டுக்கூட்டத்தில், கட்டட நிதிக்குத் தரும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கட்டும். ஒவ்வொரு கோயில் நிர்வாகமும், ஒவ்வொரு இளைஞர் மணிமன்றக் கிளையும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தேர்ந்து, பிறர் துன்பத்தைக் குறுக்கிடாமல் கேட்கும் பயிற்சிக்கு அனுப்பட்டும். எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், வெற்றி பெற்றவர்களுக்கு மாலை போடப் போகும் நம் தலைவர்கள், தவறிய பிள்ளைகளின் வீட்டுக்கும் அன்றே போய்வரட்டும். ஒருவர் முயன்று பிழைத்து வீடு திரும்பினால், அந்த வீட்டைச் சுற்றிக் கிசுகிசு வளர்ப்பதை விடுத்து, சென்னையில் செய்ததுபோல் மாதக்கணக்கில் விசாரித்துவரும் பொறுப்பை ஊரில் ஒருவர் ஏற்கட்டும்.

'இதைப் பற்றிப் பேசப் பேச, இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடமாட்டோமா?' என்று பெற்றோர் அஞ்சுவது இயற்கையே. ஆனால் ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றே திரும்பத்திரும்பக் காட்டியுள்ளன. துயரத்தில் இருப்பவரிடம் நேராகக் கேட்பது எண்ணத்தைத் தூண்டுவதில்லை. அடக்கிவைத்த பாரத்தை இறக்கிவைக்க இடம் கொடுக்கிறது. 'தம்பி, ரொம்பக் கஷ்டமா இருக்காய்யா? செத்துப்போயிடலாம்னு நெனப்பு வருதா?' என்று மாமனோ அத்தையோ பக்கத்தில் உட்கார்ந்து, கோபமின்றி, அவசரமின்றிக் கேட்கலாம். 'ஆமாம்' என்று பதில் வந்தால் கண்டிக்கவும் வேண்டாம், சத்தியம் வாங்கவும் வேண்டாம். அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், கூட இருந்து, மருத்துவரிடம் அழைத்துச்செல்ல வேண்டும். பிள்ளைகள் கேட்கக்கூடிய வேறொரு வாக்கையும் நாம் தரலாகாது: 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்ற வாக்கு, உயிர் அபாயத்தில் இருக்கும்போது கொடுக்கத் தகாதது.

குழந்தைகளோடு உயிரை மாய்த்துக்கொண்ட நல்லதங்காளின் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு அழுதவர்கள் நாம். பசியோடு பிறந்தகம் வந்தவளை அண்ணி விரட்டினாள் என்று மூளியலங்காரியை ஏசுகிறோம். அந்த ஊரில் வேறு கதவுகளும் இருந்திருக்குமே, ஒன்றுகூடவா திறக்கவில்லை என்று நாம் கேட்டதில்லை. இறந்தவளின் கற்பையும் மானத்தையும் போற்றிப் பாடும் வழக்கம், சாவைத் துன்பத்துக்குத் தீர்வாகக் காட்டிவிடுகிறது. பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் இதே பிழையைச் செய்யாமல், இறந்த முறையை விவரிக்காமல், காரணம் ஒன்றே என்று தீர்ப்புக் கூறாமல், படத்தைப் பெரிதாக்கிப் போடாமல், உதவி கிடைக்கும் இடத்தைத் தவறாது குறிப்பிட வேண்டும். இது இந்தப் பத்திரிகைக்கும் சேர்த்தே நான் சொல்வது.

சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கச் செல்லத் தவறாத சமூகம் நம்முடையது; எவ்வளவு தூரமானாலும், எத்தனை வேலையிருந்தாலும், வேன் பிடித்தாவது போய்ச் சேர்கிறோம். அந்தச் சிரத்தையை உயிரோடு இருக்கும்போதே காட்டுவோம் என்பதுதான் என் வேண்டுகோள். சுகாதார அமைச்சின் உதவி எண் 15555. கோலாலம்பூரில் 1970 முதல் பணிபுரியும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி அபாயம் என்றால் 999. இந்த எண்களைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும், கோயில் மண்டபத்தின் சுவரிலும், வீட்டின் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் தமிழில் எழுதி ஒட்டிவையுங்கள். இதைப் படித்து முடித்தவுடன், சில நாளாக அமைதியாகிப்போன ஒரு பிள்ளையின் முகம் உங்கள் நினைவுக்கு வருமானால், நாளைவரை காத்திராமல் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.